அலுமாரியில் இருந்த உடற்பயிற்சி

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் ஒரு டொக்டர்தானே, பெண்களும் உடல்நலமும் எண்டு ஒரு இருபது நிமிஷம் கதையுங்கோ" என்று கேட்டார். ஓமென்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தத் தலைப்பில் நீங்கள் கேட்காத பேச்சு இல்லை. சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நடவுங்கள் என்று நாங்கள் சொல்லுவோம், நீங்கள் தலையாட்டுவீர்கள், கூட்டம் முடிந்ததும் எல்லோருமாக ரோல்ஸும் கேக்கும் சாப்பிடுவோம். ஆகவே இன்று உங்கள் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் என் வீட்டு அலுமாரி ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள்.

அந்த அலுமாரியில் உடற்பயிற்சி வீடியோக்கள் இருந்தன. ஒருநாள் இருந்து எண்ணினேன். பழைய வீடியோ கசெற் 9. இறுவட்டுகள் 168. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் சேமித்து வைத்தவை 106. எல்லாமாக 283. இறுவட்டுகளில் 61 மேலே சுற்றிய பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாமல் இருந்தன. நீரிழிவு கிளினிக்கில் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு "உடற்பயிற்சி செய்யுங்கோ" என்று சொல்லுகின்ற ஒரு வைத்தியரின் வீட்டு நிலைமை இது.

இது எப்படிச் சேர்ந்தது என்று சொன்னால் என் வயதுக்காரர் பலருக்கு விளங்கும்.

நாங்கள் இந்தக் கல்லூரிக்கு வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990க்குப் பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ வேலை செய்யும். சுற்றுகிற கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். இப்போது நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் ஒலியோடு சேர்ந்து நான் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான். படம் பார்ப்பதென்றால் வாடகைக்கு ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் எடுத்து, ஒழுங்கையில் உள்ள எல்லோரும் காசு சேர்க்கவேண்டும். ஆகவே வீட்டிலே ஒரு திரை, அதிலே எனக்காக ஒரு படம் என்பது எங்கள் தலைமுறைக்குச் சின்ன விடயமல்ல.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ரொறன்ரோவிலிருந்து என் அக்கா வந்தார். நான் அப்போது மருத்துவ பீட மாணவி. சொக்லேற், சவர்க்காரம், சப்பாத்து எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு உடற்பயிற்சி வீடியோ கசெற் இருந்தது. "விடிய விடியக் குந்தியிருந்து படிக்கிறாய், இதைப் போட்டுச் செய்" என்றார். எங்கள் டெக்கில் போட்டோம். படம் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. கனடாவில் பதிவாகும் முறை வேறு, எங்கள் டெக் விளங்கிக்கொள்ளும் முறை வேறு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் தாவுகிறாரா, படம் தாவுகிறதா என்று தெரியாமல் நானும் அக்காவும் சிரித்தோம். ஆனாலும் அந்தக் கசெற்றை எறியவில்லை. அக்கா கொண்டுவந்தது அல்லவா? அதுதான் முதலாவது.

பிறகு பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில் கொழும்பில் கொப்பி இறுவட்டுகள் மலிவாகக் கிடைத்தன. செய்யக்கூடாததுதான், ஆனால் வாங்கினேன். 1982இல் வெளிவந்து வீட்டு உடற்பயிற்சிக்கு உலகம் முழுவதும் வழிகாட்டிய ஜேன் ஃபொண்டாவின் பயிற்சி இருந்தது. குத்துச்சண்டை போல் கைகால் வீசும் பில்லி பிளாங்ஸின் டாய்-போ இருந்தது. ஜில்லியன் மைக்கல்ஸின் முப்பது நாள் திட்டம் இருந்தது. யோகாசனம் மட்டும் இருபதுக்கு மேலே. அக்கா வரும்போதெல்லாம் புதிதாக நாலைந்து வரும். வட அமெரிக்க இறுவட்டுகள் எங்கள் நாட்டுப் பிளேயரில் ஓடாது என்று தெரிந்ததும், எல்லா நாட்டு இறுவட்டும் ஓடும் ஒரு பிளேயரைத் தேடி வாங்கினேன். உடற்பயிற்சிக்காக நான் பட்ட பாடுகளில் அதிகமானது இந்தப் பிளேயரைத் தேடி அலைந்ததுதான்.

2011இல் மகள் பிறந்தாள். கர்ப்ப காலத்தில் எனக்கு நீரிழிவு வந்திருந்தது. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் ஆபத்து அதிகம் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன், தாய்மாருக்கும் சொல்லியிருந்தேன். ஆகவே பன்னிரண்டு இறுவட்டுகள் கொண்ட, தொண்ணூறு நாள் செய்யவேண்டிய பி90எக்ஸ் என்ற கடுமையான பயிற்சித் தொகுப்பை வரவழைத்தேன். நாலு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் படி இறங்க முடியவில்லை. அதோடு அது அலுமாரிக்குப் போனது. 2020 மார்ச் 20ஆந் திகதி ஊரடங்கு போட்டபோது யூரியூப்பிலிருந்து சேமித்தது சேமித்ததுதான். ஊரடங்கு எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

வீட்டு உடற்பயிற்சி வீடியோவை நான் குறைசொல்ல வரவில்லை. எங்கள் பெண்களுக்கு அது ஒரு நல்ல சாதனம். கிளினிக்கில் நடக்கச் சொன்னால் என்ன சொல்லுவார்கள்? "ரோட்டில நாய் டொக்டர்." "விடியக் காலமை வெளிக்கிட்டால் ‘எங்கை போறியள், ஆருக்கு என்ன?’ எண்டு சனம் கேக்குது." "பின்னேரம் பிள்ளையளை ரியூசனுக்கு ஏத்தி இறக்கவே நேரம் சரி." இவை சாட்டல்ல, உண்மையான தடைகள். கதவைச் சாத்திவிட்டு, பழைய சட்டையோடு, யாருடைய பார்வையும் படாமல் அரை மணித்தியாலம் செய்ய ஒரு வழி இருப்பது பெரிய விடயம். ஒரு வீடியோவில் பிழை இல்லை. பிழை 283இல் இருந்தது.

ஏனென்றால், ஒரு இறுவட்டை வாங்கும்போது எனக்கு உடற்பயிற்சி செய்தது போன்ற ஒரு ஆறுதல் வந்தது. இதை நீங்கள் நம்பாவிட்டால் உங்கள் உயர்தர வகுப்பை நினைத்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் நோட்ஸைப் போட்டோக் கொப்பி எடுத்து, கடந்தகால வினாத்தாள்களையெல்லாம் சேர்த்து ஃபைலில் போட்டால், பாதி படித்து முடித்தது போல ஒரு நிம்மதி வருமே, அதேதான். பரீட்சைக்கு முதல்நாள்தான் தெரியும், நோட்ஸ் ஃபைலில் இருக்கிறது, தலையில் இல்லை என்று.

இன்னொரு காரணமும் உண்டு. கூடிவிட்டால் தெரிவுசெய்வதே ஒரு வேலையாகிவிடும். அமெரிக்காவில் ஒரு கடையில் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. 24 வகை ஜாம் வைத்தபோது பார்க்க வந்தவர்கள் கூட. ஆனால் 6 வகை வைத்தபோதுதான் வாங்கியவர்கள் கூட. பிறகு வந்த ஆய்வுகள் எல்லா இடத்திலும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் என் வீட்டில் அது அப்படியே நடந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு அலுமாரிக்கு முன்னால் நிற்பேன். இன்றைக்குக் கைக்கா, வயிற்றுக்கா, யோகாவா, நடனமா? இதைத் தெரிவுசெய்வதற்குள் ஆறரை ஆகிவிடும். "சரி, நாளைக்கு."

இதே வீட்டில் என் அம்மாவும் இருந்தார். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். உங்களில் மூத்தவர்கள் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். அம்மாவிடம் இருந்தது ஒரேயொரு இறுவட்டு. லெஸ்லி சான்சோன் என்ற அமெரிக்கப் பெண்மணி, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஒரு மைல் நடப்பதற்குச் சொல்லிக்கொடுப்பது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் நடை, பக்கவாட்டில் அடி, முன்னுக்கு ஒரு சின்ன உதை, முழங்காலைத் தூக்குதல். இந்த நாலையும் மாற்றி மாற்றிச் செய்தால் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அம்மா அவரை "லெஸ்லி ரீச்சர்" என்றுதான் சொல்லுவார். இறுவட்டின் மேல் தன் கையால் "பின்னேரம் 5 மணி" என்று எழுதி வைத்திருந்தார். ஐந்து மணிக்கு யார் வீட்டுக்கு வந்தாலும், "கொஞ்சம் இருங்கோ, லெஸ்லி ரீச்சர் வந்திட்டா" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் நடப்பார். அப்படி எட்டு வருடம்.

போட்டுப் போட்டு அந்த இறுவட்டில் கீறல் விழுந்துவிட்டது. முழங்கால் தூக்குகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். லெஸ்லி ரீச்சர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார். அம்மா நிற்கமாட்டார். மிச்சம் அவருக்கு மனப்பாடம். நான் "வேறை புதுசு போட்டுத் தாறன் அம்மா" என்றால், "எனக்கு இது காணும் பிள்ளை. உன்ரை அலுமாரியில இருக்கிறது பாக்கிறதுக்கோ செய்யிறதுக்கோ?" என்பார்.

2019இல் அம்மா காலமானார். கடைசி மாதம் வரைக்கும் கதிரையின் கையைப் பிடிக்காமல் தானாகவே எழும்பினார். வயதானவர்களை நோயாளர் விடுதியில் பார்க்கின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

அப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டும் நான் படிக்கவில்லை. 2022 ஜனவரியில் கிளினிக்கில் ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். சீனி குறையவில்லை. வழக்கம்போல உடற்பயிற்சி பற்றிச் சொன்னேன், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லியிருப்பேன். அவர் கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "குறை நினையாதேங்கோ பிள்ளை, நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார். அதில் கிண்டல் இல்லை. தெரிந்தால் தானும் செய்யலாம் என்றுதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "ஏதோ செய்யிறனான்" என்று சொல்லி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன். பொய் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் என் இரத்தத்தைச் சோதித்தேன். மூன்று மாதச் சீனியின் அளவைக் காட்டும் எச்பிஏவன்சி சோதனையில் 6.3 வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை; 6.5 என்றால் நீரிழிவு. நான் வாசலில் நின்றேன். அன்று இரவு நான் செய்த காரியம் என்ன தெரியுமா? இன்னொரு பயிற்சித் தொகுப்பைத் தரவிறக்கினேன். 283ஆவது அதுதான்.

பிறகு மின்வெட்டு வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. நான் வேலை முடிந்து வரும் நேரத்தில் வீடு இருட்டு. பிளேயர் இல்லை, இணையம் இல்லை, கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. 283 வீடியோவும் ஒரே நேரத்தில் இல்லாமற் போயின.

ஒரு பின்னேரம் விறாந்தையில் இருக்கும்போது மகள், "அம்மா, உங்கட காலத்தில கறண்ட் இல்லாமல் டிறில் எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். முற்றத்துக்கு இறங்கிச் செய்து காட்டினேன். விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் பழகிய அதே டிறில். கையை முன்னுக்கு, மேலுக்கு, பக்கத்துக்கு, கீழுக்கு. இருந்து எழும்புதல், வளைதல், திரும்புதல். எட்டு வரை எண்ணி மறுபக்கம். பாட்டு இல்லை, ரீச்சரின் விசிலும் ஒரு மேளமும்தான் அப்போது. முப்பது வருடத்துக்குப் பிறகும் உடம்பில் ஒன்றுகூட மறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். வெயிலில் திருப்பித் திருப்பி, "இன்னொருக்கா, முதலிலிருந்து" என்று எங்களை வாட்டியெடுத்த ரீச்சரை அன்று திட்டிய வாயால் இன்று நன்றி சொல்லுகிறேன்.

அடுத்தநாளும் செய்தோம். மகள் எண்ணுவாள், நான் செய்வேன். பிறகு அம்மாவின் லெஸ்லி ரீச்சர் நடையையும் சேர்த்துக்கொண்டோம். படம் தேவைப்படவில்லை. அம்மா செய்ததைப் பார்த்தே எனக்குப் பாடமாகியிருந்தது. ஆறு வாரம் ஓடியது. என் வாழ்க்கையில் தொடர்ச்சியாக ஆறு வாரம் உடற்பயிற்சி செய்தது கல்லூரியை விட்ட பிறகு அதுதான் முதல் தடவை. கையில் இருந்தது இரண்டே இரண்டு பயிற்சி.

அதற்குப் பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன். நான் செய்த முறையைச் சொல்லுகிறேன். உங்கள் அலுமாரியில் இறுவட்டு இல்லாமல் இருக்கலாம். கைத்தொலைபேசியில் ‘பிறகு பார்க்க’ என்று ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும்.

முதல் இரண்டு நாள் பிழையாகத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பது என்று கதிரையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு சரை கடலை. இரண்டு நாளும் யாரோ வியர்வை சிந்த நான் கடலை சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பிளேயரின் வயரைக் கழற்றிவிட்டு, கையில் எடுத்த ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன்.

ஒன்று: இதை நான் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு தரமாவது செய்திருக்கிறேனா? 283இல் இந்தக் கேள்வியைத் தாண்டியவை 22.

இரண்டு: இன்றைய என் முழங்காலுக்கும், இன்றைய என் அறைக்கும், இன்று எனக்குக் கிடைக்கும் நேரத்துக்கும் இது சரிவருமா? மிஞ்சியவை 9.

மூன்று: இது தொலைந்துபோனால் தேடுவேனா? மிஞ்சியவை 5.

கணக்கு இலேசு, மனசு இலேசில்லை. அந்தப் பன்னிரண்டு இறுவட்டுத் தொகுப்பைக் கழிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. கலியாணத்துக்கு முந்திய உடம்பு திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் 32 வயதில் வாங்கியது அது. அதைக் கொடுப்பதென்றால் அந்த உடம்பு இனி வராது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டேன். இருக்கிற உடம்பைப் பார்த்துக்கொள்ள அதன் பிறகுதான் நேரம் வந்தது. அக்காவின் முதல் கசெற்றை அவருக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். "அதை இன்னும் வைச்சிருக்கிறியே? எறியடி" என்று சிரித்தார். இருபது வருடமாக அவருக்காக என்று நான் காத்து வைத்திருந்த பொருள் அவருக்கு நினைவிலேயே இல்லை.

கணினியில் இருந்த 106ஐக் கழிப்பது இன்னும் கடினம். இடத்தை அடைக்காத பொருளை எறிய மனம் வராது. ஆனால் அவைதான் மனத்தை அதிகம் அடைக்கின்றன. அவற்றை ஒரே இருப்பில் அழித்தேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். கையிலுள்ள ஒன்றை எட்டு வாரம் செய்து முடிக்காமல் புதிது ஒன்றும் வீட்டுக்குள் வராது. வந்தால் பழையது ஒன்று வெளியே போகவேண்டும்.

நல்ல நிலையில் இருந்த அசல் இறுவட்டுகளை விடுதியில் தங்கியிருக்கும் இளம் தாதியருக்குக் கொடுத்தேன், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்ற நிபந்தனையோடு. கொப்பி இறுவட்டுகளை உறவினர் ஒருவர் முந்திரிகைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பந்தலில் நூலில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், குருவி வராது. டாய்-போவும் யோகாவும் இப்போது அங்கே காற்றில் ஆடுகின்றன. பூஞ்சணம் பிடித்த கசெற்றுகளையும் உடைந்தவற்றையும் உக்காத கழிவோடு சேர்த்துக் கொடுத்தோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுகிறேன்: இப்படியானவற்றை வளவுக்குள் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை உங்கள் நெஞ்சுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கும் கூடாது.

வைத்துக்கொண்ட ஐந்தையும் சொல்லுகிறேன். தசைக்கு இருபது நிமிடப் பயிற்சி ஒன்று. முதுகுக்கு யோகாசனம் ஒன்று. உடற்சமநிலைக்கு, கதிரையைப் பிடித்துக்கொண்டு செய்வது ஒன்று. மகளுக்காக நடனம் ஒன்று. ஐந்தாவது அம்மாவின் கீறல் விழுந்த இறுவட்டு.

இனி வைத்தியராகச் சில வார்த்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைச் சொல்லுகிறது. மிதமானது என்றால் கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கவேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் விழாமல் இருப்பதற்காக, சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் செய்யவேண்டும். ஒரேயடியாக இவ்வளவு நேரம் செய்தால்தான் கணக்கு என்றும் இல்லை. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

இது எவ்வளவு பயன்? அமெரிக்காவில் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட இயக்கத்தையும் உடல் நிறையில் 7 வீதக் குறைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடையே நீரிழிவு வருவது 58 வீதத்தால் குறைந்தது. மெற்ஃபோமின் குளிசை எடுத்தவர்களில் 31 வீதம். தெற்காசியரான எங்களுக்கு, மற்ற இனத்தவரை விடக் குறைந்த நிறையிலேயே, குறைந்த வயதிலேயே நீரிழிவு வருகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் சீனி வந்த தங்கைமார் வருடாவருடம் சோதித்துக்கொள்ளுங்கள். என்னைப் போலப் பத்து வருடம் காத்திருக்கவேண்டாம்.

இருதய வருத்தம் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குதலோ வருபவர்கள் முதலில் வைத்தியரைக் காணுங்கள். இன்சுலின் போடுபவர்கள், சீனிக்குக் குளிசை எடுப்பவர்கள் வெறுவயிற்றோடு தொடங்கவேண்டாம். வீடியோவில் வரும் இருபது வயதுப் பெண் துள்ளுகிறார் என்பதற்காக நாங்களும் துள்ளவேண்டியதில்லை.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் கிளினிக்கில் அவர் வந்தபோது நானாகவே சொன்னேன்: "அம்மா, போன முறை கேட்டியள், நான் சரியாச் சொல்லேல்லை. அப்ப நான் ஒண்டும் செய்யேல்லை. இப்ப செய்யிறன்." என்ன என்று கேட்டார். நாலு அடியையும் கிளினிக் வாசலில் நின்று காட்டினேன். வரிசையில் இருந்த சனமெல்லாம் பார்த்தது. "இவ்வளவுதானே? இதை முத்தத்திலயே செய்யலாமே. நாயும் வராது" என்றார். செய்கிறார். சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நிறைய இல்லை. என்னுடையது 5.8. நானும் இன்னும் எல்லைக்குள்தான் நிற்கிறேன். வாசலிலிருந்து நாலைந்து அடி பின்னுக்கு வந்திருக்கிறேன்.

சங்கத்துக்கு நூறு வயது. இந்த நூறு வருடத்தில் இந்த மைதானத்தில் எத்தனை ஆயிரம் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று எட்டு வரை எண்ணியிருப்பார்கள்! அது உங்கள் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. ஆகவே இன்று வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்றும் தேடவேண்டாம். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள், அம்மா இறுவட்டின் மேல் எழுதியதுபோல. மிச்சத்தை அலுமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

செயலாளர் தந்த இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடம் இன்னும் இருக்கிறது. எங்கள் உடற்கல்வி ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். அவரது அனுமதியோடு கேட்கிறேன். ஏலாதவர்கள் கதிரையில் இருந்தபடி கையை மட்டும் அசைக்கலாம். மற்றவர்கள் தயவுசெய்து எழும்பி, ஒரு கை நீளம் இடம் விட்டு நில்லுங்கள்.

ரீச்சர், நீங்கள் எண்ணுங்கோ.